சத்தம் காதோடு நிற்பதில்லை

(கொல்லிமலை வட்டம், பெரக்கரை நாட்டில் செவித்திறன் பாதுகாப்பு பற்றி மக்களிடையே பேசிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்னைக்குப் பேசப்போறது காதைப் பற்றி. ஆனால் பாதி நேரம் மூளையைப் பற்றித்தான் பேசுவேன். அதிக சத்தம் காதைக் கெடுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கெடுதல் காதோடு நிற்காமல் மூளை கேட்கிற விதத்தையே மாற்றிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கு. இந்த மலை மாதிரி அமைதியான ஊரில் அந்தக் கெடுதல் வெளியே தெரியவே ரொம்ப நாள் ஆகும். தெரியும்போது பாதி வழி போயிருக்கும். இந்த ஒரு விஷயத்தை உங்க மனசில் பதிய வைத்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது எல்லாருக்கும் காது அடைக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ 'டப்'னு திறந்துக்கும். அது காற்றழுத்தம் மாறுவதால் செவிப்பறை இழுபடுவது. அதனால் கெடுதல் இல்லை. இன்றைக்கு நாம் பேசுகிற அடைப்பு வேறு. பெரிய சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாகி, 'ஙொய்ங்'னு ஒரு இரைச்சல் வருமே, அது. அது எச்சில் விழுங்கினால் போகாது.

காது வாசல், கேட்பது மூளை

சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. அது செவிப்பறையை ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தை மூன்று சின்ன எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கு. அதற்குள் திரவம். அந்தத் திரவத்துக்குள் வரிசை வரிசையாக மயிரிழைச் செல்கள். ஒரு காதில் ஏறக்குறைய 15,000 செல்கள்தான். கண்ணிலோ ஒளியை உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருக்கு. காதுக்குக் கொடுத்திருப்பது வெறும் 15,000. மனிதர்களுக்கு இது ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது.

இந்தச் செல்கள் அதிர்வை மின் குறிப்பாக மாற்றி, சுமார் 30,000 நரம்பு இழைகள் வழியாக மேலே அனுப்புகின்றன. அந்தக் குறிப்பு மூளைத்தண்டுக்குப் போகும். அங்கேதான் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கணக்குப் போடப்படுகிறது. பிறகு நடுமூளை, அதற்கு மேலே தாலமஸ் என்ற நிலையம், கடைசியாகக் காதுக்கு நேர் மேலே பொட்டுப் பக்கம் இருக்கிற மூளையின் புறணிப் பகுதி. அங்கே போன பிறகுதான் 'இது மழை', 'இது அம்மா குரல்', 'இது சேவல்' என்று நமக்குப் புரிகிறது.

அதாவது காது ஒரு வாசல். உள்ளே உட்கார்ந்து கேட்பது மூளை. வாசலில் கோளாறு வந்தால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

சத்தம் முதலில் எங்கே அடிக்கிறது?

நத்தைச் சுருளில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு சுருதிக்கு. வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த சுருதிக்கு, உள்முனையில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு. பெரிய சத்தம் வந்தால் முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையான இடம். அதிலும் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம்.

அதனால் என்ன? பேச்சில் உயிரெழுத்து ஓசைகள் தாழ்ந்த சுருதியில் சத்தமாக வரும். 'ச', 'ஸ', 'த', 'க' மாதிரி மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த சுருதியில் மெல்லிசா வரும். வார்த்தைக்கு வார்த்தை வித்தியாசம் காட்டுவது அந்த மெல்லிய பகுதிதான். 'சட்டி, கட்டி, பட்டி, தட்டி' நாலையும் சொல்லிப் பாருங்க. பின்பாதி ஒன்றுதான். முதல் ஒலியின் கூர்மை போனால் நாலும் ஒன்றாகிவிடும். 'சாமை' என்று சொன்னது 'ஆமை' என்று விழும்.

அதனால்தான் இப்படிக் காது கெட்டவர்கள் "எனக்குக் கேக்குது, ஆனா புரியல" என்பார்கள். அது சாக்கு இல்லை, துல்லியமான வர்ணனை. சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. வீட்டில் உள்ளவர்கள் "வேணும்னே காதுல போட்டுக்க மாட்டேங்கறார்" என்று நினைப்பார்கள். பல வீடுகளில் சண்டை ஆரம்பிப்பது இங்கேதான்.

மருத்துவ அறிக்கை சரியாக இருந்தும் கேட்காதது ஏன்?

ரொம்ப காலமாக மருத்துவ உலகம் இப்படி நினைத்தது: பெரிய சத்தத்துக்குப் பிறகு காது மந்தமாகி, ஓரிரு நாளில் சரியாகிவிட்டால், உள்ளே எதுவும் கெடவில்லை. திருவிழா முடிந்து மறுநாள் காது திறந்துக்கிட்டா நாமும் அப்படித்தானே நினைக்கிறோம்?

2009-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் வைத்தார்கள். சில நாளில் எலிகளின் கேட்கும் அளவு பழையபடி திரும்பியது. மயிரிழைச் செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அந்தச் செல்லையும் நரம்பையும் இணைக்கிற முடிச்சுகளை எண்ணிப் பார்த்தபோது, அடிபட்ட பகுதியில் பாதி காணாமல் போயிருந்தது. திரும்பி வரவும் இல்லை. விளக்கு இருக்கு, மின்சாரம் இருக்கு, நடுவில் ஒயர் பாதி அறுந்து கிடக்கு.

2011-இல் இதற்கு 'மறைந்த செவித்திறன் இழப்பு' என்று பெயர் வந்தது. சாதாரணக் காதுப் பரிசோதனையில் அமைதியான அறையில் 'பீப்' சத்தம் கேட்குதா என்று பார்ப்பார்கள். அதற்குக் கொஞ்சம் நரம்பிழை இருந்தாலே போதும். ஆனால் கூட்டத்துக்கு நடுவே ஒருத்தர் பேச்சைப் பிரித்துக் கேட்க நிறைய இழை வேண்டும். முதலில் அறுந்து போவதாக ஆய்வுகள் காட்டுவதும், இரைச்சலுக்கு நடுவே கேட்க உதவும் அதே இழைகள்தான். இறந்த பிறகு தானமாகக் கிடைத்த மனிதக் காதெலும்புகளை ஆராய்ந்தபோதும், வயதானவர்களிடம் செல்கள் குறைவதைவிட நரம்பு இணைப்புகள் அதிகமாகக் குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள இந்த மலையில் உங்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. ஒற்றைக் கட்டை சிக்னலில் போன் பேசியிருப்பீங்க. ஸ்பீக்கரில் சத்தம் முழுசா இருக்கும். ஆனால் வார்த்தை விட்டு விட்டு வரும். வால்யூமைக் கூட்டினால் தீருமா? தீராது. விட்டுப்போன வார்த்தை இன்னும் சத்தமாக விட்டுப்போகும். நரம்பு கெட்ட காதின் நிலைமை அதுதான்.

மூளை சும்மா இருக்காது

காதிலிருந்து வரும் குறிப்பு குறைந்தால் மூளை மூன்று காரியம் செய்கிறது.

முதலாவது, தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது. வரத்து குறைஞ்சதால், வந்த கொஞ்சத்தையும் பெரிதாக்கப் பார்க்கிறது. அப்படிப் பெரிதாக்கும்போது நரம்புகளில் இயல்பாக இருக்கிற சலசலப்பும் பெரிதாகிறது. வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது காதில் இரைச்சல் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரவில் வீடு அடங்கிய பிறகு அது இன்னும் தெளிவாகக் கேட்கும். சிலருக்குச் சாதாரணச் சத்தம்கூடத் தாங்க முடியாமல் போகும். பாத்திரம் விழுந்தால் துள்ளி எழுவார்கள். மெதுவாகப் பேசினால் கேட்காது, உரக்கப் பேசினால் எரிச்சல் வரும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது முரண் இல்லை, ஒரே கோளாறின் இரண்டு முகம்.

இரண்டாவது, நிலம் கைமாறுகிறது. மூளையின் புறணியிலும் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு இடம் உண்டு. உயர்ந்த சுருதிக்கான இடத்துக்குக் காதிலிருந்து எதுவும் வராமல் போனால், அது தரிசாகக் கிடக்காது. பக்கத்துச் சுருதிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தரிசு போட்ட காட்டைப் பக்கத்துக் காட்டுக்காரர் உழுதுக்கிட்ட மாதிரிதான். பல வருஷம் கழித்து நாம் திரும்பி வந்து "இது என் இடம்" என்றால் உடனே கிடைக்குமா?

காதொலிக் கருவியைப் போட்டவுடன் பலருக்கு ஏமாற்றம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். "போட்டுப் பார்த்தேன், ஒரே இரைச்சல், பெட்டியில் வெச்சுட்டேன்" என்பார்கள். கருவி காதுக்குச் சத்தத்தைக் கொடுத்துவிடும். மூளை அதை மறுபடி படிக்கக் கற்றுக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். முதலில் வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு கடைவீதியில் என்று நேரத்தைக் கூட்டிக்கிட்டே போகணும். சீக்கிரம் ஆரம்பித்தால் இழந்த இடம் குறைவு, மீட்பதும் எளிது.

மூன்றாவது, மூளை ஊகிக்கிறது. பாதி வார்த்தையை வைத்து மீதியை நிரப்புகிறது. அது பெரிய உழைப்பு. கேட்கவே இவ்வளவு கவனம் செலவானால், கேட்டதை நினைவில் வைக்க மிச்சம் குறைவு. அதனால்தான் காது மந்தமானவர்கள் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தாலே களைத்துப் போகிறார்கள். கொஞ்ச நாளில் கூட்டத்துக்கே வராமல் இருந்துவிடுகிறார்கள். பேச்சு குறையும், தனிமை கூடும்.

மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. நடுவயதில் கவனிக்கப்படாத செவித்திறன் இழப்பு அதில் மிகப் பெரிய இரண்டில் ஒன்று. காது மந்தமானவர்கள் எல்லாருக்கும் மறதி வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. பயப்பட வேண்டாம். ஆனால் 'வயசானா காது கேக்காதுதான்' என்று விட்டுவிடுவது நல்லதில்லை என்பதற்கு இது போதுமான காரணம்.

அமைதியான ஊரில் ஏன் தெரிவதில்லை?

1960-களின் தொடக்கத்தில் சாமுவேல் ரோசன் என்ற நியூயார்க் காது மருத்துவர் ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டின் மபான் மக்களிடம் போனார். இயந்திரம் இல்லாத, துப்பாக்கி இல்லாத, மிக அமைதியான கிராமங்கள். அங்கே வயதானவர்களின் காதைச் சோதித்துப் பார்த்தால், அதே வயது அமெரிக்க நகரவாசிகளைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. உணவு, உடல் உழைப்பு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் 'வயதானால் காது போகும்' என்று நாம் விதி மாதிரி நினைப்பதில் ஒரு பங்கு வயதால் வருவது அல்ல, சத்தத்தால் வருவது என்ற கேள்வியை அந்த ஆய்வு எழுப்பியது.

உங்கள் மலையும் ஒரு காலத்தில் அப்படி இருந்த ஊர்தான். இன்றைக்கும் இங்கே பகலில் பறவைச் சத்தம் கேட்குது. இந்த அமைதி உங்க காதுக்கு ஒரு சொத்து. ஆனால் அந்தச் சொத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு.

கீழே போய் வேலை பார்க்கிற ஒரு தம்பியை எடுத்துக்குங்க. நம் நாமக்கல் மாவட்டத்தில் சத்தமான தொழில்களுக்குக் குறைவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிகள் ராப்பகலாக ஓடுகின்றன. ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தொடும். தறிக்கூடத்தில் 90-க்கு மேல். அந்தத் தம்பி ஐந்தாறு வருஷம் அங்கே நின்றுவிட்டு ஊர் திரும்புகிறான். வீட்டில் அம்மா ஒருத்தர்தான் பேசுறாங்க, எதிரில் உட்கார்ந்து பேசுறாங்க, பின்னால் இரைச்சலே இல்லை. எல்லாம் நன்றாகக் கேட்குது. "என் காதுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு" என்று நம்புகிறான்.

சோளக்காடு சந்தைக்குப் போகட்டும். நாலு பேர் விலை சொல்லும் இடத்தில் தடுமாறுவான். பேருந்துக்குள் நடத்துநர் கேட்பது விளங்காது. வங்கியிலிருந்து வரும் போனில் எண்ணைத் தப்பாகக் கேட்பான். 'ஆறு'க்கும் 'நூறு'க்கும் வித்தியாசம் தெரியாமல் 'ஆமா, ஆமா' என்பான். இந்தக் காலத்தில் அது பணத்தோடு விளையாட்டு. போனில் சரியாகக் கேட்காதவர்களைத்தான் ஏமாற்றுக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். ஒன்றை நினைவில் வையுங்க: ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. காது சந்தேகமாக இருந்தால் "குறுஞ்செய்தியில் அனுப்புங்க" என்று சொல்லி வைத்துவிடுங்க.

ஆகவே உங்க காதை வீட்டுத் திண்ணையில் வைத்து அளக்காதீங்க. சந்தையில் வைத்து அளங்க.

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது பல நாட்டு நிபுணர்கள் ஏற்றுக்கொண்ட பாதுகாப்புக் கணக்கு. அதில் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் சத்தத்தின் சக்தி இரண்டு மடங்கு, தாங்கும் நேரம் பாதி. 88-இல் 4 மணி நேரம். 91-இல் 2 மணி. 94-இல் 1 மணி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மரம் அறுக்கிற மெஷின் 110 டெசிபல் வரை போகும். அங்கே கணக்கு இரண்டு நிமிடத்துக்கும் கீழே.

அளவுமானி இல்லாமலே தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேசணும் என்றால் அந்த இடம் 85-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையில் சத்தம் எங்கே? புல்வெட்டும் மெஷின், டீசல் ஜெனரேட்டர், பன்றியையும் குரங்கையும் விரட்டப் போடும் வெடி, சைலன்சரை மாற்றிய பைக், திருவிழா ஒலிபெருக்கி. சாமை, தினை அரைக்கும் மில்லையும் சேர்த்துக்குங்க. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானிய மில்களைக் கொண்டுவந்ததால் பெண்களின் உலக்கைப் பாடு குறைந்தது. அருமையான காரியம். அந்த மெஷினை ஓட்டுகிறவர்களுக்குக் காதடைப்பானும் சேர்த்துக் கிடைத்தால் இன்னும் அருமை.

செய்ய வேண்டியது மூன்று: தூரம், நேரம், தடுப்பு. திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் முன்னால் பிள்ளைகளை உட்கார வைக்காதீங்க. வேலைக்கு நடுவே அமைதியான இடத்தில் இடைவேளை எடுங்க. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயன் இல்லை. மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாமான் கடையிலும் கிடைக்கும் நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடிச்சிருங்க. அழுக்குக் கையோடு தொடாதீங்க. சீழ் வடிகிற காதில் வைக்கக் கூடாது.

வெடிச் சத்தத்துக்குப் பிறகு மந்தமோ இரைச்சலோ ஒரு நாளைத் தாண்டி நீடித்தாலோ, திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்க. திடீர் இழப்புக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் அது முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். எண்ணெய் காய்ச்சி ஊற்றி ஒரு வாரம் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கைப்பேசியில் செய்யக்கூடியவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 12 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இயர்போனாலும் பொழுதுபோக்கு இடங்களின் சத்தத்தாலும் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள். அந்த நிறுவனம் சொல்லும் எல்லை: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம்.

ஒன்று, போன் செட்டிங்கில் ஒலி அளவுக்கு வரம்பு வைக்கும் வசதியைத் தேடுங்க. முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் வையுங்க. வளைவுப் பாதையில் பேருந்து கியர் மாற்றி உறுமும்போது அதையும் மீறிப் பாட்டுக் கேட்க வால்யூமை ஏற்றுவோம். அங்கேதான் காது அடிபடுது. அந்த ஒரு மணி நேரம் இயர்போனைக் கழற்றி வையுங்க.

இரண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் 'ஹியர் டபிள்யூஹெச்ஓ' என்ற இலவசச் செயலி. இயர்போன் போட்டு, அமைதியான இடத்தில் உட்கார்ந்து செய்யணும். இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்கள் சொல்லும். கேட்ட எண்களைத் தொடணும். ஆங்கில எண்கள் தெரிந்தால் போதும், ஆங்கிலத்தில் வைத்துச் செய்யலாம். மூளை இரைச்சலைப் பிரிக்கிறதா என்பதைத்தான் இது பார்க்கிறது. மதிப்பெண் குறைந்தால் அது நோய் முடிவு இல்லை, மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் அறிவிப்பு. ஆறு மாதம் கழித்து மறுபடி செய்து ஒப்பிட்டுப் பாருங்க.

மூன்று, சத்தம் அளக்கும் இலவசச் செயலிகள். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், வழக்குக்குச் சான்றாகாது. ஆனால் உங்க வேலை இடம் 70-ஆ 95-ஆ என்று தோராயமாகக் காட்டிவிடும்.

செயலி இல்லாதவர்களுக்கு ஒரு வீட்டுச் சோதனை. மின்விசிறியும் ரேடியோவும் ஓடட்டும். இரண்டு மீட்டர் பின்னால் நின்று, உதடு தெரியாமல், 'சட்டி, கட்டி, பட்டி, தட்டி' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்க. திரும்பச் சொல்லச் சொல்லுங்க. அடிக்கடி தப்பினால் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்க.

உங்களுக்கு உள்ள சேவைகளும் உரிமைகளும்

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது செம்மேடு அரசு மருத்துவமனை. விரிவான பரிசோதனைக்கு 2022-இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் 104-இல் கேளுங்க. மருத்துவரிடம் இரண்டு விஷயத்தைச் சொல்லுங்க: "நான் இத்தனை வருஷம் சத்தமான இடத்தில் வேலை பார்த்தேன்", "கூட்டத்தில் பேச்சு புரியல." 4,000, 6,000 ஹெர்ட்ஸிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க. குறைந்த சுருதிகளின் சராசரியை மட்டும் பார்த்தால் சத்தத்தால் வந்த பள்ளம் கண்ணில் படாமல் போகலாம்.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் கவனியுங்க. சட்டப்படி சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய். இழப்பீட்டுக்கும், ஈஎஸ்ஐ-க்கும் அது தொழில் நோய்தான். வேலையில் சேரும்போதே ஒரு காதுப் பரிசோதனை செய்து, அறிக்கையைப் போனில் படமெடுத்து வையுங்க. பின்னால் 'முன்னாடியே இப்படித்தான் இருந்தது' என்று யாரும் சொல்ல முடியாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன்படி இரண்டு காதிலும் பேச்சுக்கான சுருதிகளில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு உள்ளவர் 'செவித்திறன் குறைந்தவர்'. 70 டெசிபல் இழப்பு என்றால் 'காது கேளாதவர்'. அதற்கான தேசிய அடையாள அட்டைக்கு, அதாவது யுடிஐடி அட்டைக்கு, இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். நாமக்கல்லில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் காதொலிக் கருவிக்கு விண்ணப்பிக்கலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லணும். 60 டெசிபல் என்பது ரொம்ப தூரம். சந்தையில் தடுமாறுகிற அந்தத் தம்பிக்குச் சட்டப்படி எந்த அட்டையும் கிடைக்காது. 'பீப்' சோதனையில் அவன் நார்மல். அட்டை கிடைக்கிற அளவுக்குக் கெட்ட பிறகு கருவியால் முழுசா ஈடு செய்யவும் முடியாது. அதனால் இந்த நோய்க்கு உண்மையான மருந்து, வருமுன் காப்பதுதான்.

கடைசியாக, ஊர்ச் சத்தம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை விலக்கு தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்பகுதி 100 மீட்டர். அங்கே பகலிலும் 50-தான். மீறினால் 112-இல் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் ஊரில் பேசித் தீர்ப்பது நல்லது. ஆடி 17, 18-இல் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். ஊர்க் கோயில் விழாக்களும் நடக்கும். விழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பீக்கரைக் கொஞ்சம் உயரத்தில் கட்டி, வீடுகளையும் கைக்குழந்தைகளையும் விட்டுத் தள்ளி வைத்து, அளவைக் குறைத்தால் சாமிக்கும் கேட்கும், காதும் பிழைக்கும்.

வீட்டில் யாராவது "கேக்குது, புரியல" என்று சொன்னால் கோபப்படாதீங்க. முகத்துக்கு நேராக வந்து, கத்தாமல், நிறுத்தி நிதானமாகப் பேசுங்க. டிவியை அணைச்சுட்டுப் பேசுங்க. அடுத்த வாரமே பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. கீழே வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பையில் சாப்பாட்டோடு ஒரு ஜோடி காதடைப்பானும் வைத்து அனுப்புங்க. அதற்கு ஆகிற செலவு ஒரு டீக்காசுக்குப் பக்கம்தான்.